வைட்லி அண்ணை காட்டிய வீடுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் வைட்லி அண்ணையைப் போல் பொய்யே சொல்லாத வீட்டுப் புரோக்கர் வேறொருவர் இருந்ததில்லை. அவர் உண்மை சொல்லிக் கேட்டவரும் இல்லை. சொல்வதெல்லாம் ஊர் சொல்வது. இவர் அதைக் கொண்டுவந்து நம்மிடம் சேர்ப்பவர், அவ்வளவுதான்.

ஆங்கிலப் பத்திரிகைகளில் ஒரு வசதி உண்டு. யார் நம்புகிறார்கள் என்று சொல்லாமலே ஒரு விஷயத்தை 'வைட்லி பிலீவ்ட்', அதாவது பரவலாக நம்பப்படுகிறது என்று எழுதிவிடலாம். ஒரு மனிதரை 'ஜெனரலி ரிகாடட்' என்று போட்டு, பொதுவாக அப்படிக் கருதப்படுபவராக ஆக்கிவிடலாம். நாளைக்கு வழக்கு வந்தால் போய் ஊரைப் பிடிக்க வேண்டியதுதான். இளவயதில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் புரூஃப் பார்த்த வைட்லி அண்ணை, வேலையை விட்டபோது இந்தச் சொற்களைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். அதில் முதல் சொல்லே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது; சொந்தப் பெயர் வெள்ளவத்தைக் காலி வீதியில் யாருக்கும் தெரியாது.

எனக்கு அவர் காட்டிய முதல் வீடு ஒரு நாலாம் மாடி.

"தம்பி, இந்த பல்கனியில நிண்டா கடல் தெரியும் எண்டு வைட்லி பிலீவ்ட்."

எட்டிப் பார்த்தேன். எதிர்ச்சுவரும் அதில் யாரோ காயப்போட்ட சாரமும் தெரிந்தன.

"கடல் எங்கை அண்ணை?"

"நம்பப்படுது எண்டுதானே சொன்னனான். நான் பார்த்தனான் எண்டு சொன்னனானோ?"

இரண்டாவது வீடு தண்டவாளத்துக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றது. "ரயில் சத்தம் ஜெனரலி ஒரு பிரச்சினையாகக் கருதப்படுறேல்லை" என்று அவர் ஆரம்பிக்கவும் பாணந்துறை ரயில் வரவும் சரியாக இருந்தது. வசனத்தின் பின்பாதியை அவருடைய வாயசைவில்தான் படித்தேன். மூன்றாவது வீட்டை நான் பார்க்கவேயில்லை. போகிற வழியில் லிப்ட் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு நடுவில் நின்றுவிட்டது.

"இந்த லிப்ட் கொமன்லி நோன், தம்பி."

"என்னத்துக்கு நோன்?"

"நிக்கிறதுக்கு."

'கொமன்லி நோன்', அதாவது எல்லோருக்கும் தெரிந்தது என்பது, அவர் கொடுக்கும் உச்சச் சான்றிதழ். தன் இரண்டு கண்ணாலும் பார்த்த விஷயத்துக்கு மட்டும்தான் அது கிடைக்கும்.

வீடு மட்டுமில்லை, சொந்த உடம்பைப் பற்றியும் அவர் வாக்குமூலம் கொடுக்க மாட்டார். ஒருநாள் தொப்பலாக நனைந்து தேத்தண்ணிக் கடைக்குள் வந்தார். கடைக்காரர் "வெளியில மழையோ அண்ணை?" என்றார். தலையைத் துவட்டிக்கொண்டே "அப்பிடித்தான் நம்பப்படுது" என்றார். மனைவி புஷ்பம் அக்கா போன் எடுத்துச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாலும் "சாப்பிட்டதாகக் கருதப்படுது புஷ்பம்" என்றுதான் பதில். வாயில் பாதி ரோல்ஸ் இருக்கும்.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் ஏன் மாட்டினேன் என்று கேட்பீர்கள். வேறு புரோக்கர்மார் எல்லோரும் என்னைக் கைகழுவியிருந்தார்கள். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். நான் கட்டப்போகிற வசுகி யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். ஒரே கந்தோரில் வேலை. இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. அவள் வெள்ளவத்தையில் மாமி வீட்டில் தங்கியிருந்தாள். விஷயம் காதுக்கு எட்டியதும் மாமி, மாத முடிவோடு நடையைக் கட்டு என்று சொல்லிவிட்டார். அதற்குள் வீடு அகப்பட்டால் கலியாண எழுத்து எழுதிவிட்டுக் குடிபோகலாம். அகப்படாவிட்டால் வசுகி யாழ்ப்பாண பஸ் ஏற வேண்டும். அங்கே அவளுடைய அம்மா கனடாவிலிருந்து ஒரு மாப்பிள்ளையைப் பேசித் தயாராக வைத்திருந்தார்.

வெள்ளவத்தையில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும். வாடகை எவ்வளவு என்பது பிறகுதான் வரும்.

"எவ்விடத்து ஆக்கள்?"

"கொட்டாஞ்சேனை."

"வேதக்காரரோ?"

"ஓம்."

"அவ?"

"யாழ்ப்பாணம். சைவம்."

"வீட்டில சம்மதமோ?"

இந்த இடத்தில் வீட்டுக்காரருக்கு வெளிநாட்டில் இருக்கும் மகனின் ஞாபகம் வந்துவிடும். மகன் திரும்பி வருகிறான், வீடு அவனுக்குத் தேவை. அந்த மாதம் நாங்கள் கதவு தட்டிய வீடுகளுக்கெல்லாம் திரும்பி வருவதாயிருந்த மகன்மாருக்குத் தனியாக ஒரு விமானமே விட்டிருக்கலாம். மனம் இளகிய ஓரிருவர் மட்டும் கடைசியாக ஒன்று கேட்பார்கள்: "உங்களுக்கு ஆரும் பொறுப்பு நிப்பினமோ?" தெரிந்தவர் ஒருவர் வந்து, இவர்களை எனக்குத் தெரியும், நான் பொறுப்பு என்று வாயால் சொன்னால் போதும், வீட்டுத் திறப்பு கைக்கு வந்துவிடும். நான் வைட்லி அண்ணையைப் பார்ப்பேன். அவர் கூரையைப் பார்ப்பார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருநாள் வசுகியையும் கூட்டிக்கொண்டு, நேரே நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவர் வீட்டுக்கே போனேன். அவர் இல்லை. புஷ்பம் அக்காதான் இருந்தார். நான் கொட்டித் தீர்த்ததை எல்லாம் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்.

"சண்டைக் காலத்தில வன்னிப் பெடியன் ஒருத்தனுக்கு இவர்தான் அறை எடுத்துக் குடுத்தவர். எனக்குத் தெரிஞ்ச பிள்ளை, நான் பொறுப்பு எண்டு சொல்லித்தான் குடுத்தவர். ஒருநாள் பொலிஸ் வந்து சந்தேகத்தில பிள்ளையைக் கொண்டு போயிட்டினம். பொறுப்பு நிண்டது ஆர் எண்டு கேட்டு இவரையும் ஏத்திப் போட்டினம். ரெண்டு பேரிலயும் பிழையில்லை எண்டு விட்டதுதான், ஆனா லேசில விடேல்லை. வந்த நாளில இருந்து மனுசன் தன்ர வாயால ஒண்டையும் சொல்றேல்லை. எல்லாம் ஊர்தான் சொல்லுது."

வசுகி என்னைப் பார்த்தாள். இனி இந்த மனிதரிடம் பொறுப்புக் கேட்பது நியாயமில்லை என்று இருவருக்கும் விளங்கிவிட்டது. கேட்காவிட்டால் எங்களுக்கு வீடும் இல்லை.

மாதம் முடிய இரண்டொரு நாள் இருக்கும்போது அவர் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குக் கூட்டிப் போனார். வீட்டுக்காரி லண்டனில். கைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கிற ஏற்பாடு. வைட்லி அண்ணை போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல ஆரம்பித்தார்.

"தங்கச்சி, பெடியன் ஜெனரலி ரிகாடட் எஸ் ஒரு அமைதியான..."

"அண்ணை, ஊர்க்கதையை விடுங்கோ" என்றார் அந்த அம்மா. "ஊர் என்ன சொல்லும் எண்டு எனக்குத் தெரியும். நானும் ஊரை எதிர்த்துக் கட்டினவள்தான். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

வைட்லி அண்ணை போனைக் கை மாற்றினார். நெற்றி வியர்த்திருந்தது. வசுகி மெல்ல, "அண்ணை, வேண்டாம். நாங்கள் வேற பாப்பம்" என்றாள். வேறு பார்க்க ஒன்றும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. நல்ல பிள்ளையள். நான் பொறுப்பு."

ஆங்கிலமே இல்லை. அந்த அம்மா உடனே "அப்ப திறப்பைக் குடுங்கோ" என்றுவிட்டு லைனை வெட்டினார். வைட்லி அண்ணை அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். புதுவீட்டுக் குழாயில் நாங்கள் முதலில் பிடித்தது அவருக்குத்தான். குடித்துவிட்டு இன்னும் ஒரு கோப்பை கேட்டார்.

எழுத்துக்கு எங்கள் இரு வீட்டாரும் வரவில்லை. அதற்குப் பிறகும் வெகுகாலம் வரவில்லை. வைட்லி அண்ணை மட்டும் ஞாயிறு தவறாமல் வந்தார். பொறுப்பெடுத்தவர் அல்லவா? குழாயைத் திறந்து பார்ப்பார். "சுவரில ஆணி அடிச்சது ஆர்?" என்று அதட்டுவார். வசுகி போட்ட தேத்தண்ணியில் சீனி கூட என்பார். மீன் வாங்கத் தெரியாதவன் என்று என்னை முகத்துக்கு நேரே திட்டுவார். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நானும் வசுகியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். குறை சொல்லவும் ஒரு சொந்தம் வந்துபோகிற வீடாக எங்களுடையதும் ஆகிவிட்டது.