நோவெண்ணெய் அண்ணை

டென்மார்க் என்ற நாடு முழுவதும் தீராத உடல்வலியில் கிடக்கிறது என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் நோவெண்ணெய் அண்ணைதான்.

பிழை அவரிலும் இல்லை, டேனிஷ்காரரிலும் இல்லை. டேனிஷ்காரர் வாயைத் திறந்தால் முதலில் விழுவது "நோ" என்ற சொல். ஆங்கிலத்தில் இல்லை என்பார்களே, அது அல்ல. அப்படியா என்பதற்கும் நோ, சரி கிளம்புவோம் என்பதற்கும் நோ, ஐயோ பாவம் என்பதற்கு இழுத்து ஒரு நோ. எங்கள் பக்கத்துத் தமிழில் நோ என்றால் வலி. வந்த முதல் கிழமையே அண்ணை கவனித்துவிட்டார். பஸ் சாரதி நோ என்கிறான். தபால்காரி நோ நோ என்கிறாள்.

"குளிர் நாடெல்லோ, எலும்பெல்லாம் உளையுதுபோல. பாவங்கள்" என்று முடிவெடுத்து, நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டும் கற்பூரமும் போட்டுக் காய்ச்சத் தொடங்கினார். அன்றிலிருந்து அவருடைய காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் போத்தல்.

எஸ்பியர்க் துறைமுக நகரில் ஒரு மீன் தொழிற்சாலையில்தான் நான் அவரை அறிந்தேன். உயர்தரம் படித்துக்கொண்டே சனிக்கிழமைகளில் அங்கே பெட்டி அடுக்கினேன். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அது யாருக்கும் தெரியாமல் போய்விடக்கூடாது என்று தேத்தண்ணி இடைவேளைக்கும் டேனிஷ் அகராதியோடுதான் போவேன்.

"அண்ணை, அது வலி இல்லை. இஞ்ச பாருங்கோ, அகராதியில கிடக்கு."

"உந்தப் புத்தகம் எழுதினவனுக்கு எத்தினை வயசு?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"இளந்தாரியா இருப்பான். நோ தெரியாத வயசு."

ஒருமுறை பல் வைத்தியரிடம் போய்விட்டு முகமெல்லாம் மலர்ச்சியோடு வந்தார். "கெட்டிக்காரன் பிள்ளை. நான் வாயைத் திறந்த உடனே 'நோ' எண்டு சொல்லிப்போட்டான். ஒரு சொல்லு நான் சொல்லேல்லை!"

பெண்ட் என்று ஒருவர் எங்களோடு வேலை செய்தார். முற்றத்தில் பாரமேற்றும் இயந்திரம் ஓட்டுகிறவர். நாள் முழுவதும் அவர் பேசுவது அந்த ஒரு சொல்தான். அண்ணை விடுவாரா? இடைவேளைக்கு இடைவேளை பெண்டின் தோள் மூட்டில் எண்ணெய் போட்டுத் தேய்த்தார். பெண்டுக்கு உண்மையிலேயே தோள்வலி பல வருடமாக இருந்ததும், மூன்று மாதத்தில் அது குறைந்ததும் என் கெட்டகாலம். அதன் பிறகு என் அகராதியை அண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஊரில் யுத்தம் முடிந்த வருடத்து மார்கழி. எங்கள் தென்மேற்குக் கரையில் கடற்காற்று பனியை இருக்கவிடாது. விழும், உருகும், போய்விடும். அந்தச் சனிக்கிழமை விழுந்தது போகவில்லை. பத்து மணிக்கு முற்றம் தெரியவில்லை. பதினொன்றுக்கு பஸ்கள் நின்றன. யாரும் வாகனம் எடுக்கக் கூடாது என்று பொலிஸ் அறிவித்தது. டேனிஷ்காரருக்குக் கொண்டாட்டம். சாப்பாட்டறையில் கோப்பி ஊற்றி, சீட்டாடக் கடுதாசிக் கட்டை எடுத்துவிட்டார்கள்.

அண்ணை மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வன்னியில் இருந்த தங்கச்சி உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல் எட்டு மாதம் அவருக்குக் கழிந்திருந்தது. முந்தின நாள்தான் ஒரு பாதர் மூலம் செய்தி வந்தது. முகாமில் இருக்கிறாள். யாரோ ஒருவருடைய தொலைபேசியில் சனி எங்கள் நேரம் இரண்டு மணிக்கு எடுப்பாள். எல்லாவற்றையும் இழந்தவளுக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே ஒரு இலக்கம், அண்ணையின் வீட்டு இலக்கம். இருபது வருடமாக அவர் அதை மாற்றவில்லை. கைத்தொலைபேசியும் வைத்திருக்கவில்லை. காது நோகுமாம்.

"நான் நடந்து போறன் பிள்ளை."

"இரண்டு கிலோமீற்றர் அண்ணை! இடுப்பளவு கிடக்கு."

போனார். மூன்றாவது அடியில் புதைந்தார். இரண்டு பேர் இழுத்து எடுத்தோம். ஒரு சப்பாத்து வெளியிலேயே தங்கிவிட்டது.

நான் மேசைக்கு முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் முதல் புள்ளி வாங்கிய என் டேனிஷ் அன்றைக்குப் பாதியில் உடைந்து போனது. சீட்டுகள் கீழே வைக்கப்பட்டன. பெண்ட் அண்ணையை நிமிர்ந்து பார்த்தார்.

"நோ...ஓ" என்றார், மெதுவாக, நீளமாக. எழுந்து வெளியே போனார்.

அந்த நிலையிலும் அண்ணையின் கை காற்சட்டைப் பைக்குள் போனது. "பாவம், இண்டைக்குக் கூடிப்போச்சுப்போல."

முற்றத்தில் இயந்திரம் உறுமியது. அதன் முன்னால் இருந்த பெரிய வாளியைப் பதித்துப் பனியைத் தள்ளிக்கொண்டு பெண்ட் படலையைத் தாண்டினார். பின்னால் அண்ணை, ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் தொழிற்சாலை ரப்பர் பூட்ஸ். அவருக்குப் பின்னால் நான், இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்க்க. கோயில் பெருநாளில் மாதா சுருவத்துக்குப் பின்னால் போவதுபோல அவ்வளவு தூரமும் போனோம். அண்ணை உண்மையிலேயே செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் ஏறும்போது இரண்டு இருபது. தொலைபேசி சும்மா கிடந்தது. மூவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றி இருந்தோம். வேலை செய்கிறதோ என்று பார்க்க அண்ணை ரிசீவரைத் தூக்கினார்.

"தூக்காதேங்கோ அண்ணை! அந்த நேரம் பார்த்து எடுத்தால்?"

சுட்டதுபோல வைத்தார். போத்தலை மேசையில் எடுத்து வைத்தார். திரும்பப் பைக்குள் வைத்தார். மறுபடி மேசையில் வைத்தார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது அடித்தது. அண்ணை பாய்ந்து எடுத்தார்.

"அண்ணை?" தங்கச்சியின் குரல் எனக்கே கேட்டது. "நான்தான் அண்ணை. கேக்குதே? ஏன் கதைக்கிறியள் இல்லை?"

அண்ணையின் வாய் திறந்தது. ஒரு சொல் வந்தது, அச்சொட்டாகப் பெண்ட் சொல்வதுபோல, மெதுவாக, நீளமாக.

"நோ...ஓ."

அதை எந்த மொழியில் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அகராதி சாப்பாட்டறையில் கிடந்தது. பெண்டுக்குத் தெரிந்திருந்தது. மேசையில் இருந்த போத்தலைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்து, பேசிக்கொண்டிருந்த அண்ணையின் சேட்டுக் கழுத்தை விலக்கித் தோளில் போடத் தொடங்கினார்.

இப்போது நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு தரம் அந்தச் சொல் கேட்கும். நூறு தரமும் என் கை மேசை லாச்சிக்குப் போய்த் திரும்பும். உள்ளே ஒரு சின்னப் போத்தல் இருக்கிறது, உள்ளி மணத்தோடு.