யாரும் பிரிக்காத டீத்தூள்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. டீத்தூள் பாக்கெட்டுக்கு லேபல் வரைய ஆள் பிடிக்கணும்.

எழுபதுகளோட கடைசி, கேமரன் மலை. லோரி ஓட்டுறதை விட்டுட்டு, கையில இருந்த எல்லாத்தையும் எஸ்டேட் தூள்ல போட்டு, வீட்டிலேயே பாக்கெட் கட்ட ஆரம்பிச்சிருந்தேன்.

ரிங்லெட் டவுன்ல சாப்பாட்டுக் கடை வச்சிருந்த காசிம் பாய் ஒரு கிளாஸ் குடிச்சுப் பார்த்தார். "தூள் நல்லாத்தான்லா இருக்கு தம்பி. ஆனா வெள்ளைப் பையில கொண்டாந்தா எலி மருந்துன்னு நெனப்பான். நல்ல லேபலா ஒட்டிக் கொண்டா. வாரா வாரம் எடுத்துக்கிறேன், மத்த கடைக்கும் சொல்றேன்."

இது நடந்தா நான் முதலாளி. நடக்காட்டி மறுபடியும் லோரி.

கம்போங் ராஜாங்கிற ஊர்ல மாணிக்கம்னு ஒரு ஆர்ட்டிஸ்ட். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. வீட்டு வாசல்ல பலகையைச் சாத்தி வச்சுக்கிட்டு, வர்ற வேலையைச் செய்வார். எஸ்டேட் கோயில் திருவிழாப் படம் எல்லாம் அவர் கைதான்.

"கொழுந்து பறிக்கிற பொம்பளை. முதுகுல கூடை. அவ்வளவுதான்"னேன்.

ரேட்டு சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு.

"யோவ்! நான் படம்தான்யா கேட்டேன். அவளுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்லல!"

மனுஷன் அசரல. "அண்ணே, புது முகம் யோசிச்சு வரையணும்னா இதான் ரேட்டு. கையில படிஞ்ச முகம் ஒண்ணு இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு வரைவேன். அதுன்னா பாதிக்குத் தர்றேன்."

"அதையே போடுய்யா! டீ குடிக்கிறவன் மூக்கு முழியா பார்க்கப் போறான்?"

யார் முகம்னு நான் கேக்கல. கேட்டா அதுக்கும் காசு கேப்பாரோன்னு பயம்.

"பச்சைக் கலர் வேணும்."

"பச்சைன்னா ஈப்போ பிரஸ்ல தனியா மை ஏத்தணும். கோயில் நோட்டீஸ் ஓடிக்கிட்டிருக்கு, அதே மஞ்சள் சிவப்புன்னா மலிவா முடியும்."

"முடி!"

மறுவாரம் படத்தைக் காட்டினார். நான் பார்த்தது ஒண்ணே ஒண்ணுதான். எங்கயாச்சும் இடம் வீணாகுதா?

"தலைக்குப் பின்னால இவ்வளவு காலியா கெடக்கே! முழுத்தாளுக்கும் நான்தானே காசு குடுக்கிறேன்?"

"கண்ணுக்குக் கொஞ்சம் காத்தோட்டம் வேணும்ணே."

"கேமரன்ல காத்துக்கா பஞ்சம்? ஏதாச்சும் போடு!"

சூரியனைப் போட்டார், சுத்திலும் கதிரோட. அவ கை சும்மா இருக்கேன்னு கத்தினேன். செடி வெட்டுற கவாத்துக் கத்தி வந்துச்சு. ஓரத்துக்கு இலை கேட்டேன். கொத்துக் கொத்தா வந்துச்சு. ஆளை அமுக்கிட்டோம்னு விசில் அடிச்சுக்கிட்டே பஸ் ஏறினேன்!

லேபல் கட்டு வந்ததும் என் சம்சாரம் சரசு ஒட்ட உக்காந்தா. முதல்ல எந்திரிச்சுப் போய் கை கால் கழுவிட்டு வந்தா.

"எதுக்குடி?"

"பின்னே, மீன் கழுவின கையோடவா தொடுறது?"

என்ன ஒரு சுத்தம்! சாப்பாட்டுச் சாமான் வியாபாரத்துக்குன்னே பொறந்தவள்னு பூரிச்சுப் போயிட்டேன்.

பாய் கடையில அடுக்கிட்டு வந்தேன். வாரக் கடைசியில போனா வாசல் பூரா செருப்பு.

"என்ன பாய், உள்ள தொழுகையா?"

"நல்லா வருது வாயில! எல்லாம் உன் ஆளுங்கதான். கடைக்குள்ள வர்றப்ப செருப்பைக் கழட்டுறாங்க! கோழிக்கறி கேட்டவன் உன் பாக்கெட்டைப் பார்த்துட்டு, இன்னைக்கு விரதம்னு எந்திரிச்சுப் போறான். ஒரு அம்மா எலுமிச்சம்பழம் வச்சுட்டுப் போச்சு. யாரோ மறந்துட்டாங்கன்னு நான் பிழிஞ்சு தண்ணி கலக்கிட்டேன். அதுக்கு ஒரு சண்டை!"

அப்பத்தான் லேபலை முதல் தடவையா ஒழுங்காப் பார்த்தேன். சாட்சாத் மாரியாத்தா. முதுகுல கூடை.

கம்போங் ராஜாவுக்கு ஓடினேன். "யோவ் மாணிக்கம்! என்ன வேலைய்யா பண்ணி வச்சிருக்கே?"

"வருஷக்கணக்கா நான் வரையிறது இந்த முகம்தான்ணே. சூலம் நான் போடல, பாருங்க. கத்தி நீங்க கேட்டது. தலைக்குப் பின்னால ஜோதி நீங்க கேட்டது. கூடை மட்டும்தான் புதுசு. அதுக்கு நான் காசே வாங்கல."

அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பினேன்.

ஆனா ஒண்ணு, அத்தனை பாக்கெட்டும் வித்துப் போச்சு! அடடா, நம்ம முட்டாள்தனமே நம்மளைத் தூக்கி விட்டுடுச்சேன்னு அடுத்த லோடு தூளையும் வாங்கி, அதே லேபலை ஒட்டி அடுக்கிட்டேன்.

பாய்கிட்ட இருந்து ஆளும் வரல, ஆர்டரும் வரல.

எஸ்டேட் ஆளுங்க இருக்கிற லயத்துக்கு நேர்லயே போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு, சுவத்துல இருக்கிற சாமி தட்டுல என் பாக்கெட். குங்குமம், பூ, ஊதுபத்தி.

"தூள் எப்படிம்மா இருக்கு?"

"ஐயையோ அண்ணே! ஆத்தாளைக் கிழிச்சா டீ போடுவாங்க?"

பாய்கிட்ட போனேன். "ஒரு பாக்கெட்டைப் பிரிக்கக் கத்திரிக்கோல் எடுத்தேன் தம்பி. கடையே எந்திரிச்சு நின்னுச்சு. அப்படியே வச்சுட்டேன்"ன்னார்.

வீட்டுக்கு வந்து தொப்புன்னு உக்காந்தேன். சரசு டீ கொண்டாந்தா. ஒரு வாய் குடிச்சேன்.

"இது நம்ம தூள் இல்லையே?"

"கடையில வாங்கினேன்"னு சொல்லிட்டு சாமி தட்டைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டா.

மறு வாரம் லோரிக்குத் திரும்பிட்டேன். தூள் அருமையான தூள்னு இன்னைக்கும் சொல்லிக்கிறாங்க. எங்களை விட்டா, குடிச்சுப் பார்த்தது என்னவோ காசிம் பாய் ஒருத்தர்தான்.