தயாராகிக்கொண்டே இருக்கும் ரைபிள்

உலகத்தில் பொருள் வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: வாங்கப்போகிறவர்கள். பொருள் கைக்கு வருவதற்கு முன்பே அதற்கு உறை தைத்து, எண்ணெய் வாங்கி, அதை மாட்டவேண்டிய ஆணியைச் சுவரில் அடித்து, அதில் வரக்கூடிய கோளாறுகளையும் நாலு பேரிடம் பேசித் தீர்த்துவைத்திருப்பார்கள். பொருள்தான் வராது.

கோவில்பட்டியில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி பூவனநாதன். தீப்பெட்டி ஆலைகளுக்கு அட்டை சப்ளை செய்கிறவர். வயது ஐம்பத்திரண்டு. கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே பத்திரமாக இறக்கிவிடுகிற மனசு. இப்பேர்ப்பட்டவர் எதை வாங்கப்போகிறார் தெரியுமா? வேட்டைத் துப்பாக்கி.

அதிலும் கடையில் தொங்குகிற ஏதோ ஒன்றா? சேச்சே! சொல்லிச் செய்வது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி அடைக்கிற பழைய பாணி ரைபிள். எண்ணெய் தேய்த்துத் தேய்த்தே மெருகேற்றிய வால்நட் மரக் கட்டை. கைபிடிக்கும் இடத்தில் கட்டம் கட்டமாய்ப் பொடிச் செதுக்கல். கட்டையின் நுனியில் எருமைக்கொம்பு. தோள்வார் மாட்டும் வளையம் மரத்தில் இல்லாமல் குழாயிலேயே. வேட்டைக்குத் தடை இருக்கிற நாட்டில் வேட்டைத் துப்பாக்கி எதற்கு என்றா கேட்கிறீர்கள்? அப்படியானால் நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர் இல்லை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

காரணம் இல்லாமல் இல்லை. எப்போதும்வென்றான் பக்கம் அவருக்குப் பத்து ஏக்கர் கரிசல். மக்காச்சோளம் போடுவார்கள், காட்டுப்பன்றி வந்து அறுவடை செய்துகொண்டு போகும். அப்பா காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு ஒற்றைக்குழல் இருந்தது. அவர் போனபின் அதை ஒப்படைத்துவிட்டு, தம் பேருக்கு ரைபிள் லைசென்ஸ் எடுத்தார் பூவனநாதன். "சுடுறதுக்கு இல்ல. மேல பாத்து ஒரு சத்தம். பன்னி ஓடிரும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்கினார். சத்தத்துக்கு எருமைக்கொம்பு எதற்கு? அதையெல்லாம் கேட்கக் கூடாது.

லைசென்ஸில் ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டு வருடத்துக்குள் வாங்கிப் பதிந்துகொள்ள வேண்டும். கெடு டிசம்பர் முப்பது.

முதல் வருடம் மரத்தில் போயிற்று. மரக்கடை குத்புதீன் அவருக்கு இருபது வருடப் பழக்கம்.

"பாய், வால்நட் கிடைக்குமா?"

"பருப்பா அண்ணாச்சி?"

"மரம்."

"வேங்கை இருக்கு, தேக்கு இருக்கு, வாகை இருக்கு. கதவு போடுதீங்களா, கட்டில் போடுதீங்களா?"

"ரைபிளுக்குக் கட்டை."

குத்புதீன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "எத்தனை அடி நீளம்?"

"அதான் இன்னும் முடிவாகல."

நீளத்தை முடிவு செய்ய, தையலுக்குப் பேர்போன புதியம்புத்தூருக்கே போனார். அங்கே தையல்காரர் முத்துமணி டேப்பை எடுத்து, மடக்கிய முழங்கையிலிருந்து விசையை இழுக்கும் விரல்வரை அளந்துவிட்டு, "அரைக்கையா, முழுக்கையா?" என்றார். பதிமூன்றே முக்கால் அங்குலம். அத்துடன் விட்டாரா பூவனநாதன்? மேலே கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டால் அளவு குறையுமே என்று ஒரு மாதம் யோசித்தார். கோவில்பட்டியில். கம்பளிக் கோட்டு.

இரண்டாம் வருடம் வடக்கே ஓர் ஊரில், அரசாங்க அனுமதி பெற்ற துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் போனில் அகப்பட்டார். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். படம் போட்டு அனுப்பினால் மறுநாளே வேலையைத் தொடங்குவதாகச் சொன்னவர், சும்மா இருக்காமல், எந்தக் கண்ணால் குறி பார்ப்பீர்கள் என்று கேட்டுத் தொலைத்தார். அன்றைக்குத்தான் பூவனநாதனுக்கு ஓர் உண்மை தெரிந்தது. இடது கண்ணை மூடினால் வலதும் கூடவே மூடிக்கொள்கிறது.

கடைக் கண்ணாடி முன் நின்று பழகினார். அட்டை எடுக்க வந்த கோமதியம்மாள், கண்ணாடிக்குள்ளிருந்து அண்ணாச்சி தன்னைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கண்ணடிப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கண்ணுல என்ன அண்ணாச்சி?"

"பயிற்சிம்மா."

"இந்த வயசுலயா?"

அதற்கப்புறம் அவள் மருமகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வந்தாள். நல்லவேளை, இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே குறி பார்க்கலாம் என்று ஒரு வீடியோவில் வந்தது. ரைபிள் படம் வரைகிற வேலை மேலே நகர்ந்தது.

டிசம்பர் பதினெட்டு, காலை ஏழு மணி. சோளக்காட்டைப் பார்க்கப் போயிருந்த மனைவி பொன்மணி போன் பண்ணினாள். அவர் போய் இறங்கியபோது கதிர் பால் பிடித்திருந்த சோளம் இரண்டு ஏக்கர், பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. கடித்துப் போட்ட கதிர் ஒன்றைக் குனிந்து எடுத்தார். அதைத் தூக்கிப்போடவும் தோன்றவில்லை.

"உங்க துப்பாக்கி எங்கன இருக்கு?" என்றாள் பொன்மணி.

"படம் முக்காவாசி முடிஞ்சிருச்சு."

அவள் திட்டியிருந்தால் தேவலை. திரும்பி வரப்பில் ஏறி நடந்தாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு நிஜமாகவே நெஞ்சு சுட்டது. இன்றைக்கே அனுப்பிவிடுவது என்று சத்தியம் செய்துகொண்டு வந்து படத்தின் முன் உட்கார்ந்தார். எல்லாம் சரியாக இருந்தது. தோள்வார் வளையம் மட்டும் ஓர் அங்குலம் முன்னால் இருக்கலாமோ? பின்னாலோ?

அவர் அந்த ஓர் அங்குலத்தில் இருந்த நாட்களில் பொன்மணி தெரு முழுக்கப் பழைய சேலை கேட்டு வாங்கினாள். சலூனில் சொல்லிவைத்து மூன்று சாக்கு முடி சேர்த்தாள். கம்பு நட்டு, மிச்சமிருந்த எட்டு ஏக்கரையும் சுற்றிச் சேலையைக் கட்டி, வரப்போரம் முடியைத் தூவிவிட்டாள். மனுஷ வாடைக்கும் படபடக்கிற துணிக்கும் மிரண்டோ என்னவோ, பன்றிகள் அந்தப் பக்கம் வரவில்லை.

ஜனவரி மூன்றாம் தேதி வளையம் முடிவாயிற்று. முன்னால்தான்.

தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் பார்க்கிற அலுவலர் பொறுமைசாலி. "கெடு முடிஞ்சிருச்சே சார். ரெண்டு வருஷமா ஏன் வாங்கல?"

பூவனநாதன் படத்தை மேஜையில் விரித்தார். அலுவலர் கால் மணி நேரம் பார்த்தார். செதுக்கலை விரலால் தடவக்கூடச் செய்தார். "ரொம்ப அழகா இருக்கு" என்றார். "புதுசா விண்ணப்பம் போடுங்க. ஒரு வருஷமாவது ஆகும்."

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எப்போதும்வென்றான் தாண்டும்போது தூரத்தில் தன் காட்டைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகச் சேலைகள் பறப்பதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வெட்கம் எட்டயபுரம்வரை இருந்தது. எட்டயபுரத்தில் பஸ் கொஞ்சம் நின்றது. "ஒரு வருஷம்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். இன்னொரு தரம் சொன்னார். பரீட்சை தள்ளிவைக்கப்பட்ட மாணவன்போல முகம் மெல்ல மலர்ந்தது.

ஆள் உடைந்துபோய் வருவார் என்று பயந்து, பொன்மணி அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

"லைசென்ஸ் போச்சு" என்றார்.

"போனா போகுது, விடுங்க. சாப்பிடுங்க."

"நல்லதாப் போச்சு ஏட்டி. அந்த வால்நட்ல எனக்கு ஆரம்பத்துலயே ஒரு சந்தேகம் இருந்துச்சு."

பொன்மணி கரண்டியைப் பிடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்தான் வந்திருக்க வேண்டும், சிரிப்புதான் வந்தது. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவர் விரலைக் குழம்பில் தொட்டு, இலையோரத்தில் ஏதோ கோடு இழுக்க ஆரம்பித்திருந்தார்.

பாவம், நல்ல மனுஷர் என்று நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓய்வு பெற்றதும் கட்டப்போவதாகப் பதினாலு வருடமாகச் சொல்லிவருகிறீர்களே ஒரு வீடு, அதில் மாடிப்படி உள்ளேயா, வெளியேயா?

முடிவாகவில்லையா? அவசரமே இல்லை. இப்படி வந்து உட்காருங்கள். பூவனநாதன் கொஞ்சம் தள்ளி உட்காருவார்.