பாகற்காய் வற்றல் முகம்

கதாநாயகியின் புருஷன் கடலில் மூழ்கிச் செத்த அன்றைக்கு வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஹாங்காங்கின் ஒரு மாலைப் பத்திரிகையில் தினமும் சோகத் தொடர்கதை எழுதிவந்தவன் குவோக். ஆசிரியர் மாக் அவனைக் கூப்பிட்டுக் கடிதக் கட்டை மேஜையில் போட்டார்.

"சிரிச்சு வயிறு வலிக்குதாம்யா. உன் ஆளுங்க முகத்துல சோகம் பத்தல. முகத்தை நல்லா எழுது. சனிக்கிழமைக்குள்ள ஒருத்தராவது அழலேன்னா தொடரை நிறுத்திடுவேன்."

அச்சான பத்திரிகையில் குதிரைப் பந்தயப் பக்கத்தைத் தாண்டி மாக் போனதில்லை. குவோக்கோ எழுதும்போதே மூன்று கைக்குட்டைகளை நனைப்பவன். அச்சில் மறுபடி படிக்க அவனுக்குத் தெம்பு கிடையாது.

கான்டனீஸ் மொழியில் முகத்துக்கா சொல் பஞ்சம்? கதாநாயகிக்குப் பாகற்காய் வற்றல் முகம் வைத்தான். மறுநாள் கடிதங்கள் இரட்டித்தன. மாமியாருக்குக் கறுத்த வாயும் கறுத்த முகமும் கொடுத்தான். டாக்டருக்கு மர முகம். கடிதம் மூட்டையாக வந்தது. கதாநாயகியின் முகம் பச்சையாகி உதடு வெளுத்த அன்று, அந்தப் பச்சை எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு வாசகர் விசாரித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனால், மனைவி லான் பத்திரிகையும் கையுமாக, பல் தெரியக் கண் மறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தை செத்த இடமா?" என்றான் ஈனசுரத்தில்.

"அதேதாங்க. படிக்கப் படிக்கப் பசிக்குது."

இருபது வருஷம் கூட வாழ்ந்தவளே இப்படி என்றால் ஊரைச் சொல்லி என்ன? கடைசி மூச்சாகச் சவ ஊர்வலத்தை எழுதினான். வந்தவர் அத்தனை பேருக்கும் முகம். பத்திக்கு ஒன்பது முகம்.

சனிக்கிழமை மாலை ஊரே சிரித்தது. மாக் தொடரை நிறுத்தினார். பதினொரு வருஷ எழுத்து அத்தோடு முடிந்தது.

போகும்போது, கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொள்ள அச்சுக்கூடத்துக்குப் போனான். எழுத்துக் கோர்க்கும் கிழவர் சூங், மையைத் துடைத்தபடி ஆசுவாசமாக நிமிர்ந்தார்.

"நிறுத்திட்டாங்களா? அப்பாடா. நீங்க எழுதின எழுத்துல அச்சுப் பெட்டியில இருந்த 'முகம்' எழுத்து மொத்தமும் தீர்ந்துபோச்சுய்யா. நம்ம பாஷையில வாயால சொன்னா ரெண்டும் ஒரே சத்தந்தானேன்னு, மூணு வாரமா 'நூடுல்ஸ்' எழுத்தைத்தான் வச்சுக் கோத்துக்கிட்டிருக்கேன்."