ஐந்தாவது ஷரத்து

ஆரணி கோர்ட் வாசலில் ராஜி குமாஸ்தா அளவுக்குத் திட்டு வாங்கிய மனிதர் அதற்கு முன் பிறந்ததில்லை, அதற்குப் பின்னும் பிறந்திருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன். வாதி திட்டுவார், பிரதிவாதி திட்டுவார், சம்பளம் கொடுக்கிற வக்கீலும் திட்டுவார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி, "அப்புறம்?" என்பார்.

அவருடைய சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் அந்த வக்கீல் ஆபீசில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோதே அவர் ராஜி குமாஸ்தாதான். வழக்காடும் இரண்டு தரப்பும் தங்களுக்குள் பேசி முடித்து, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கோர்ட் அதையே தீர்ப்பாக்கிவிடும். அதற்குத்தான் ராஜி என்று பெயர். மற்ற குமாஸ்தாக்கள் வாய்தா வாங்குவதில் சூரர்கள். இவருக்கு வாய்தா என்ற சொல்லே ஆகாது.

"யோவ், சண்டை போடத்தான்யா நம்மகிட்ட வரானுங்க. நீ பாட்டுக்கு எல்லாரையும் சேத்து வெச்சு அனுப்பிட்டா, நான் இன்னாத்துக்குக் கறுப்புக் கோட்ட மாட்டிகினு உக்காந்துகினு இருக்கேன்?" என்று வக்கீல் வாரத்துக்கு ஒருமுறையாவது தலையில் அடித்துக்கொள்வார்.

அவர் ராஜி செய்யும் விதமே தனி. வந்தவாசிப் பக்கத்திலிருந்து பங்காளிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒரே கிணறு, யார் முறைக்கு யார் தண்ணீர் இறைப்பது என்று வழக்கு. இருவரையும் எங்கள் ஆபீசின் குட்டை பெஞ்சில் ஒட்டி உட்கார வைத்துவிட்டு, "இருங்க, ஜல்தியா பேப்பர் வாங்கினு வந்துடறேன்" என்று போனவர் போனவர்தான். மணி பத்து, பன்னிரண்டு, ஒன்றரை. பெஞ்சில் முனகல் ஆரம்பித்தது.

"இன்னா ஆளுப்பா இவன், பேஜார் புடிச்சவனா கீறான்."

"அவன் கெடக்கறான் வுடு. நீ காலையில எதுனா சாப்ட்டியா?"

எதிர் டீக்கடையில் நின்று, இருவரும் முகம் பார்த்துப் பேசுவதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாராம் குமாஸ்தா. உடனே உள்ளே வந்தார். சாயங்காலத்துக்குள் ராஜி மனு தயார். "ரெண்டு பேரும் சேந்து திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும் பாப்பா. அந்த வேலைய யாரும் செய்ய மாட்டேங்கறாங்க, நான் செய்யறேன்" என்றார் என்னிடம்.

இப்படியே சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, எங்கள் வீட்டு வழக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

அப்பாவும் பெரியப்பாவும் பட்டு நெய்பவர்கள். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் நீளமாக ஒரு சந்து. தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலை, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகளை, விடிந்ததும் அந்தச் சந்தில்தான் நீட்டிப் பிடித்துக் கஞ்சி போடுவார்கள். ஒரு நாள் இருவரும் ஒரே நேரத்தில் பாவோடு வந்து நின்றார்கள். பேச்சு முற்றி, பெரியப்பா சந்தின் நடுவே குறுக்காக வேலி போட்டுவிட்டார். பாதிச் சந்தில் முழுப் பாவை எப்படி நீட்டுவது? போட்டவராலும் முடியவில்லை. இரண்டு பேரும் பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய், அங்கே இருந்தவர்களிடம் பேச்சு வாங்கினார்கள். வேலியை எடுக்கச் சொல்லி அப்பா வழக்குப் போட்டார். பெரியப்பாவுக்கு எதிரான அந்த மனுவை டைப் அடித்தவள் நான்தான்.

அம்மா இல்லாத என்னைத் தூக்கி வளர்த்தவர் பெரியம்மா. வழக்கு நடந்த மூன்று வருஷமும் அவர் என்னோடு பேசவில்லை. அடுப்படியில் அவர் இருமுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். போய்ப் பார்க்க முடியாது. எனக்கு வழக்கில் ஜெயிப்பதும் தோற்பதும் ஒன்றுதான். பெரியம்மா வேண்டும், அவ்வளவுதான்.

குமாஸ்தா எப்படியோ எதிர்த்தரப்பு வக்கீலையும் கரைத்துவிட்டு, ராஜி மனுவை என் முன்னால் வைத்தார். வேலியை எடுப்பது, முறை வைத்துப் பாவு நீட்டுவது என்று நான்கு ஷரத்துகள். ஐந்தாவதில் என் விரல் நின்றது. 'மேற்படி சந்தில் ஒரு தரப்பார் பாவு நீட்டும்போது, மறு தரப்பார் ஆள் அனுப்பாமல் தாமே நேரில் வந்து மறுமுனையைப் பிடிக்க வேண்டியது.'

"சார், இதை ரெண்டு பேருமே கேக்கலயே?"

"கேக்கலதான். எடுத்துடட்டுமா?"

நான் அதையும் சேர்த்து டைப் அடித்தேன்.

ஒரே தாளை இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துப் படிக்க வேண்டுமே என்ற ரோஷத்தில் அப்பாவும் பெரியப்பாவும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். கோர்ட்டில் முன்சீப் ஒவ்வொரு ஷரத்தாக உரக்கப் படித்தார். ஐந்தாவதைப் படித்ததும் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "இதுக்கும் சம்மதமா?" என்றார். 

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அவருதான் மாட்டேம்பாரு" என்றார் அப்பா.

"நானா? நான் ஏன் மாட்டேங்கறேன்? அவன வந்து புடிக்கச் சொல்லுங்க மொதல்ல" என்றார் பெரியப்பா.

முன்சீப் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தீர்ப்பாகிவிட்டது.

வெளியே வந்தபிறகுதான், அந்த ஷரத்தை நுழைத்தது யார் என்று இருவருக்கும் உறைத்தது. குமாஸ்தாவைத் தேடினால் ஆளைக் காணோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள். இருந்தது அப்பாவின் சைக்கிள் ஒன்றுதான். குமாஸ்தாவைப் பிடித்து உலுக்குகிற அவசரத்தில், மூன்று வருஷமாக முகம் பார்க்காத பெரியப்பா கேரியரில் ஏறி உட்கார்ந்தார். "மிதிடா சீக்கிரம்" என்றது என் காதிலேயே விழுந்தது.

குமாஸ்தா அகப்படவில்லை. மறுவாரம் அப்பா முறை. தீர்ப்பில் சொன்னபடி விடியற்காலையில் பெரியப்பா வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார்.  நடுவே ஓர் இழை அறுந்தது. அப்பா பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

"ண்ணா, உன் பக்கம் ஒண்ணு அறுந்துகீது பாரு."

"பாத்துட்டேன்டா. கண்ணு இல்லயா எனக்கு?"

அந்தச் சத்தம் கேட்டு வெளியே வந்த பெரியம்மா என்னைப் பார்த்தார். "இன்னாடி இப்படி எளச்சுப் போய்ட்ட?" என்றார். நான் ஓடிப்போய் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆபீசுக்குப் போய்க் குமாஸ்தாவுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "தெள்ளார்க்காரங்க கேசு ஒண்ணு இருக்கு, மொதல்ல அத்த அடி" என்று ஒரு கட்டுத் தாளை நீட்டினார்.

அப்பாவும் பெரியப்பாவும் உயிரோடு இருந்த வரை அவரைச் சேர்ந்தே திட்டினார்கள். ஊரில் யாரும் அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் நானாவது சொல்லிவிடுகிறேன்: எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.