அப்பாவை எடுக்கிற நேரத்தில் என் வயிறு

சிலருக்குத் துக்கம் வந்தால் கண் கலங்கும். எனக்கு வயிறு கலங்கும். பரீட்சை, பஸ் பயணம், பக்கத்துத் தெருவில் சண்டை என்று எதுவானாலும் முதல் சேதி என் குடலுக்குத்தான் போகும். மூளைக்கு அப்புறம் யாராவது சொன்னால் உண்டு.

எண்பதுகளில் நாங்கள் விழுப்புரத்தில் இருந்தோம். அப்பா மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) மண்டியில் எடை போடுகிறவர். நான் ஒரே பெண். என் வயிற்றுக்கு அவர்தான் வைத்தியர். ஓமத்தண்ணி, சுண்டைவற்றல் பொடி, மாதுளம்பழத் தோல் கஷாயம் என்று வரிசையாகக் கொடுத்துப் பார்த்தார். எங்கேயோ கேள்விப்பட்டு, ஈரமண்ணைத் துணியில் மடித்து வயிற்றின் மேல் வைத்துக் கட்டினார். (பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "பொண்ணு வயித்துல இன்னா நடப் போறீங்க, கத்திரிச் செடியா?" என்றார்.)

திண்டிவனத்திலிருந்த தாய்மாமா அங்கே ஒரு டாக்டரிடம் எங்களைக் கூட்டிப்போனார். "குடல்ல புண்ணு, பூச்சி எதுவும் இல்லம்மா. மனசு பதறினா குடலும் பதறுது, அவ்ளோதான்" என்றார் டாக்டர். என்னைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டதாக நினைத்து, விழுப்புரம் வரும்வரை பஸ்ஸில் அழுதேன். அப்பா மட்டும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். கஷாயமெல்லாம் நின்றது. வேளைக்குக் காரமில்லாத சாப்பாடு, மோர், விடிந்ததும் என்னோடு மெதுவாக ஒரு நடை. வயிறு முறுக்கினால், "அத்த அதட்டாதம்மா. பயந்துக்கினு இருக்குது, பாவம்" என்பார், யார் வீட்டுக் குழந்தையையோ சொல்வது மாதிரி. கொஞ்ச காலத்தில், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான், ஒரு நாள் மண்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஊரே அவரைச் சுற்றி அழுதது. நான் கூடத்துக்கும் தோட்டத்துக் கக்கூஸுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அப்பாவின் அக்கா, கண்டாச்சிபுரத்து அத்தை, தெருவே கலங்க ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் எழுந்ததைப் பார்த்துப் பாட்டை நிறுத்தினார். "இன்னாடி, வயித்தால போவுதா? வெந்தயத்த வாயில போட்டுத் தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார்.

அவ்வளவுதான். அதுவரை என்னிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் தவித்தவர்களுக்கெல்லாம் வழி பிறந்துவிட்டது. ஒருத்தி கொய்யாக் கொழுந்தை வாயில் திணித்தாள். ஒருத்தி கடுங்காப்பியில் எலுமிச்சை பிழிந்தாள். மறுக்கத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் விழுங்கினேன். அப்பா இருந்தால் இதில் ஒன்றையும் உள்ளே விட்டிருக்க மாட்டார். (இந்த நினைப்பும் நேரே வயிற்றுக்குத்தான் போனது.)

கடைசியில் திண்டிவனத்து மாமா ஒரு டம்ளர் நிறைய எதையோ கலக்கிக்கொண்டு வந்தார்.

"கடுக்காப்பொடி. கப்புனு கட்டிடும், குடி."

கட்டுவது மாசிக்காய். கடுக்காய் அவிழ்த்துவிடும். மாமாவுக்கு இரண்டும் ஒரே காய்.

மேளச்சத்தம் உச்சத்துக்குப் போனபோது நான் கக்கூஸின் தகரக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அப்பாவைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பாடையில் வைத்தாயிற்று. "பொண்ண வரச் சொல்லு, வாய்க்கரிசி போடணும்" என்று ஒரு குரல். சரியாக அந்த நேரத்தில் மேளம் நின்றது. அந்த அமைதியில் மாமா பதில் சொன்னது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"அவ கக்கூஸ்ல கீறா!"

"பொழுது சாயுதுப்பா. யாராவது போட்டுட்டு ஜல்தி எடுங்க" என்றார் ஒரு பெரியவர்.

முந்தின நாளிலிருந்து வாயே திறக்காத அம்மா அப்போது பேசினாள். "எம் பொண்ணு வராம அவர யாரும் தொடக்கூடாது."

மொத்தத் தெருவும் எனக்காகக் காத்திருந்தது. நான் வயிற்றைக் கெஞ்சினேன், திட்டினேன், குத்தினேன். பிறகு முடியாமல் சுவரில் தலையைச் சாய்த்தேன். அங்கேதான், அந்த நாற்றத்தில், எனக்கு அழுகை வந்தது. "அப்பா, அப்பா" என்று அழ அழ, முறுக்கு மெல்ல விட்டது.

வெளியே வந்தபோது, மந்திரி வருவது மாதிரி கூட்டம் விலகி வழிவிட்டது. அத்தை அரிசித் தட்டோடு தேம்பிக்கொண்டே கேட்டார்: "கையக் கழுவினியாடி?"

"கழுவிட்டேன் அத்த."

"சோப்பு போட்டா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பாடை தூக்க நின்றவர்களுக்குப் பரவி, அத்தைக்கு வந்து, எனக்கும் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் அப்பாவின் வாயில் அரிசி போட்டேன். உதடு அத்தனை சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

என் கல்யாணத்தில், கெட்டிமேளம் கொட்டப்போகிற நேரத்தில் மாமா கையை உயர்த்தி, "இருங்க இருங்க, பொண்ணு போய்ட்டு வந்துடுச்சா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. வளைகாப்பு, புதுமனை என்று ஒன்றையும் அவர் விட்டதில்லை. இப்போது என் பிள்ளைகள் கேட்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

அம்மா மட்டும் சிரித்ததே இல்லை. ஒரு நாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்: "அன்னிக்கு உனக்கு அவமானமா இல்லியாம்மா?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவமானம் இன்னாடி? அவங்க அவசரத்துக்குத் தூக்கிக்கினு போயிருப்பாங்க. உன்னாலதான் அந்த மனுசன் இன்னும் கொஞ்ச நேரம் நம்ம வூட்ல இருந்தாரு."