மேச்சேரியில் நான் கண்டுபிடித்த கடல்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பொறாமைக்காரனுக்கு அதுவும் கிடையாது. நானே சாட்சி.

சேலத்தில் முதுகலை நிலவியல் கடைசி வருடம் படித்தபோது, எங்கள் பேராசிரியரிடம் ஆய்வு மாணவராகச் சேர ஒரே ஓர் இடம் இருந்தது. போட்டி எனக்கும் நாமகிரிப்பேட்டைப் பூங்கொடிக்கும். வகுப்பில் அவள் உப்புப் படிவுகளைப் பற்றிப் பேசினாள். கடல் மட்டம் இறங்கினால் ஓரத்து நீர் தனியாக மாட்டிக்கொள்ளும். வறண்ட வெயிலில் அது வற்ற, முதலில் ஜிப்சம் படியும், பிறகு உப்பு. அதற்குமேல் மறுபடி கடல் வண்டல் இருந்தால் கடல் திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். கடைசி பெஞ்சுக்காரர்கள்கூட செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். பேராசிரியர் கைதட்டினார். (நான் பேசும்போது அவர் கொட்டாவிதான் விடுவார்.) எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு இன்னொரு கடல் வற்றியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மேச்சேரியில் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சானுக்கு விவசாயமும் நாற்பது ஆடுகளும். பயிர் வைக்காமல் கிடந்த அவர் வெறுங்காட்டில் நடந்தபோது, மண்ணில் பாதி புதைந்தபடி வெளிர்சிவப்பாய், கண்ணாடி மாதிரி ஒரு கல். ஓரத்தை உடைத்து நக்கினேன். (சிரிக்காதீர்கள், எங்கள் துறையில் இது முறையான சோதனை.) உப்புக் கரித்தது. சந்தேகம் தீர மூன்று பக்கமும் நக்கினேன். பாறை உப்பேதான்.

சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் பூமிக்கடியில் வெந்து உருமாறிய பழம்பாறை, உப்புப் படிவுக்கு வழியே இல்லை என்று இரண்டு வருடம் படித்தது அந்த நிமிடம் மறந்துபோனது. மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் உடனே ஸ்டேட்டஸ் வைப்பார், பூங்கொடி முந்திக்கொள்வாள் என்று வாயை மூடிக்கொண்டேன். பேராசிரியருக்கு மட்டும் போன் செய்தேன்.

மறுநாள் காலை அவர் காரில் வந்தார். பின்சீட்டிலிருந்து பூங்கொடியும் இறங்கினாள். அவள் முகம் வாடுவதை நேரில் பார்க்கலாமே என்று சந்தோஷமாகவே இருந்தது. கல்லின் பக்கத்தில் நின்று, மேச்சேரியில் அலையடித்த காலத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன்.

பூங்கொடி ஒன்றுதான் கேட்டாள். "ஏப்பா, இப்படி வெளிய கெடந்தா மழையில கரைஞ்சிறாதா?"

"பொறாமையில கேக்காத" என்றேன்.

அப்போது மச்சான் டீயோடு வந்தார். "ஏன் மாப்ள, ஆட்டு உப்புக்கல்லச் சுத்தி நின்னுட்டு என்ன பண்றீங்க?"

"இது எப்ப இருந்துங்க இங்க இருக்கு?" என்றார் பேராசிரியர்.

"போன மாசம் இங்கதானுங்க ஆட்டுப்பட்டி போட்டிருந்தோம். எருவுக்காகப் பட்டிய எடம் மாத்தி மாத்திப் போடுவோமுங்க. ஆடு நக்கறதுக்குக் கடையில வாங்கி வெச்ச உப்புக்கல்லுங்க இது. மிதிச்சு மிதிச்சு மண்ணுக்குள்ள போயிருச்சு, பட்டியப் பிரிக்கறப்ப எடுக்க மறந்துட்டேன்."

நாற்பது ஆடுகள், ஒரு மாதம், அப்புறம் நான். டீயை வாங்கி வாய் கொப்பளித்தேன்.

பேராசிரியர் கல்லைத் திருப்பிப் பார்த்தார். "நீ சொன்னதுல பாதி சரிப்பா. இது கடல் வத்திப் படிஞ்ச உப்புதான். ஆனா அந்தக் கடல் வடக்க இருந்துச்சு. மேச்சேரிக்கு லாரியில வந்திருக்கு."

இடம் பூங்கொடிக்குப் போனது. நான் இப்போது பள்ளியில் அறிவியல் ஆசிரியர். எங்கள் குடும்பத்தில் யார் எதை அடித்துச் சொன்னாலும் ஒரே கேள்விதான் வரும். சென்ற வாரம் பூங்கொடிக்கு ஏதோ விருது என்று பழைய மாணவர் குழுவில் படம் வந்தது. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாம் சிபாரிசாத்தான் இருக்கும்" என்றேன்.

என் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நக்கிப் பாத்துட்டுத்தான் சொல்றீங்களா?"